கோழிக்குக் கொடுத்த இருட்டு

என் தங்கச்சி புருஷனின் இரண்டு பல்லை உடைத்தவன் நான்தான். கம்பெனி வாசலில், காலை ஷிப்டுக்கு வந்த முப்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உடைத்தேன். முதல் குத்திலேயே ஒன்று போனது. இரண்டாவது ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் விட்டுவைப்பானேன் என்று இன்னொன்று வைத்தேன். அவன் கையைத் தூக்கவே இல்லை. அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. திருப்பி அடிக்கிறவனை அடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? வயிற்றில் ஓர் உதை விட்டேன். அதற்கப்புறம்தான் நாலு பேர் வந்து என்னைப் பிடித்தார்கள்.

காரணம் இல்லாமல் அடிக்கிறவன் இல்லை நான். முந்தின நாள் மத்தியானம் அவன் தன் மகளின் கையை முறித்திருந்தான். பத்து வயசுப் பிள்ளை. ஒரு இடத்தில் நிற்காது, வாய் ஓயாது, அதனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. அந்த வாலுவின் வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுப் போடும்போது அவள் அழவில்லை என்று டாக்டர் பாராட்டினாராம். வாலு அழாமல் இருக்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அவனைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. கம்பெனியில் அவன் பெயர் கொக்கி. எங்களுடையது கோழிக் கம்பெனி. காலையில் கடைகளுக்குக் கறி போய்ச் சேர வேண்டும் என்பதால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை அறுப்பு நடக்கும். லாரியிலிருந்து கூடை கூடையாக உயிர்க்கோழி இறங்கும். கூடையிலிருந்து எடுத்து, காலைப் பிடித்து, தலைகீழாக ஓடுகிற கொக்கியில் மாட்டுவது அவன் வேலை. மாட்டின கோழி சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே கரண்டுத் தண்ணீரில் தலை முங்கி மயங்கும். அப்புறம் சுழல்கிற பிளேடு கழுத்தை அறுக்கும். பிளேடு விட்டுவிடுகிற கழுத்தெல்லாம் என் கத்திக்கு. ராத்திரிக்கு முந்நூறு, நானூறு வரும். எனக்குக் கத்தி என்று ஏன் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். மூக்குக்கு மேல் வருகிற என் கோபத்துக்குப் பயந்திருப்பார்கள்.

மாட்டுகிற அறையில் வெள்ளை விளக்கே கிடையாது. மூலைக்கு ஒன்றாக நீல பல்பு, அதுவும் எதிரில் நிற்கிறவன் மூக்கு தெரிகிற அளவுக்குத்தான் எரியும். வெளிச்சத்தைக் கண்டால் கோழிக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். றெக்கையை அடித்து அடித்து எலும்பை முறித்துக்கொள்ளும், நகத்தால் ஆளைக் கிழிக்கும். அந்த நீல மங்கலில் போட்டுவிட்டால் சொக்கிப்போய்க் கிடக்கும், தூக்குவதுகூடத் தெரியாது. அந்த மங்கலில் கொக்கி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு இருபது கோழி. ஒவ்வொன்றையும் மாட்டினதும் அதன் நெஞ்சில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பான், அது அடங்கிவிடும். மற்றவர்கள் மாட்டினது துடித்துக்கொண்டு வரும். அவன் மாட்டினது கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வரும்.

என் தங்கச்சி பகலில் அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். ஷிப்டு மாறுகிற நேரத்தில், வாசலில், பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகப் பேசியே இரண்டு பேரும் கல்யாணம்வரை வந்துவிட்டார்கள். என்னிடம் வந்து கேட்டபோது நான் பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுத் தலையாட்டினேன். சாகப் போகிற கோழியையே இப்படித் தொடுகிறவன் என் தங்கச்சியை எப்படி வைத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். ஆகையால் அவன் பிள்ளையின் கையை முறித்தான் என்று கேட்டபோது என் கணக்குத்தான் முதலில் பொய்த்தது. அந்த அவமானமும் சேர்ந்துதான் அவன் பல்லில் இறங்கியது.

முன்னெல்லாம் பகலிலும் அறுப்பு உண்டு, எங்களுக்கு இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலைக் கடைகளின் ஆர்டர் கூடியது. அறுப்புக்காரர்களும் மாட்டுகிறவர்களும் இனி நிரந்தரமாக ராத்திரி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் நாங்கள் வெயில் குடிக்க ஆரம்பித்தோம்.

அது என்ன என்கிறீர்களா? ஆறு மணிக்கு வெளியே வந்தால் லாரி நிற்கிற இடத்தில் கிழக்கே பார்த்த குட்டைச் சுவர் ஒன்று. எட்டு மணி நேரம் நீலக் குகையில் கிடந்த உடம்பு வெளிச்சத்துக்கு அலையும். எல்லாரும் டீயை வாங்கிக்கொண்டு அந்தச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, சட்டையைத் திறந்துவிட்டு, முகத்தைச் சூரியனுக்கு நேரே காட்டிக்கொண்டிருப்போம். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். கொக்கிதான் கடைசியில் எழுந்திருப்பான். "ராத்திரி பூரா ரத்தம் உறைஞ்சு கெடக்கு மச்சான். இதுல காட்டினாத்தான் ஓடும்" என்பான். நானும் ஆமாம் என்பேன். மருந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு நாள் தவறாமல் குடித்தோம்.

அப்புறம் கொக்கி வீட்டுக்குப் போய்ப் படுப்பான். கண் மூடாது. எட்டு, ஒன்பது, பத்து என்று மணி போகும். பதினொன்றுக்குக் கொஞ்சம் அசந்தால் யாராவது எதையாவது போட்டு உடைப்பார்கள். நாளுக்கு இரண்டு மணி, இரண்டரை மணித் தூக்கம். மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக மிருகமானான். பக்கத்து வீட்டு ரேடியோவைப் பிடுங்கித் தெருவில் போட்டு மிதித்தான். குழாய் ரிப்பேருக்குத் தரையை உடைத்தவன் மேல் செங்கல்லை விட்டெறிந்தான். அரை அடி தள்ளிப் போனதால் அவன் பிழைத்தான். பஸ்ஸில் காலை மிதித்தவனின் சட்டையைப் பிடித்து அவன் தலையை ஜன்னல் கம்பியில் மோதினான். படுக்கை அறைக் கதவில் முஷ்டி அளவுக்கு மூன்று பள்ளம் இருந்தது. ஏதென்று கேட்டேன்.

"அலமாரியை நகத்தும்போது இடிச்சிடுச்சுண்ணா" என்றாள் தங்கச்சி.

மூன்று தடவையா இடித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த மத்தியானம் நடந்தது இதுதான். பள்ளிக்கூடம் லீவு, தங்கச்சிக்கும் வார லீவு. வாலுவின் கலர் பென்சில் டப்பா படுக்கை அறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே சத்தம் போடாமல் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், பூனை மாதிரித்தான் போனாள். சத்தமே போடவில்லை. பென்சில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஜன்னல் திரையை மட்டும் விலக்கினாள். உச்சி வெயில் அவன் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் அசந்து இருபது நிமிஷம் ஆகியிருந்ததாம். எழுந்தவன் அவள் கையைப் பிடித்து முறுக்கி, கதவுப் பக்கமாக வீசினான். எலும்பு முறிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது என்றாள் தங்கச்சி. அவள் ஓடி வந்து பார்த்தபோது பிள்ளை சுவரோரம் சுருண்டு கிடந்தது. அவன் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு எழுந்து, வீடு காலியாக இருக்கவே, பக்கத்து வீட்டில் போய், "எங்க போனாங்க எல்லாரும்?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லையாம். இதைக் கேட்டபோதுதான் அவனைக் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்ன நடிப்பு! கோபத்தில் செய்தேன் என்று சொல்கிறவனைக்கூட ஒருவேளை மன்னிக்கலாம். தெரியாது என்கிறவனை எப்படி விடுவது?

தங்கச்சியும் வாலுவும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் ஆள் அனுப்பினான், அழுதான், வாசலில் நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை. தங்கச்சி மட்டும் ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பேசினாள்.

"கெஞ்சினா வர மாட்டேன். மிரட்டினாலும் வர மாட்டேன். பாப்பா தானா எப்ப 'அப்பாகிட்ட போறேன்'னு சொல்லுதோ, அன்னிக்கு வர்றேன். சொல்லவே இல்லன்னா எப்பவும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். வாலு சொல்லவே மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்பா என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிற பிள்ளை எப்படிச் சொல்லும்? சொல்லக் கூடாது என்றும் நான் வேண்டிக்கொண்டேன். இனி மாமன் வீடுதான் அவளுக்கு வீடு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

ஆனால் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே கம்பெனியில்தான் நின்றாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் மாட்டி அனுப்பினதை நான் அறுத்தேன். தேவைக்கு மேலே ஆழமாகவே அறுத்தேன். அவன் கோழிகளும் கெட்டுப்போயின. றெக்கை முறிந்து வந்தன, கால் பிய்ந்து வந்தன. நெஞ்சில் கை வைப்பதெல்லாம் போய், சுவரில் அடித்து மாட்டுகிறான் என்று அவனோடு நிற்கிறவர்கள் சொன்னார்கள்.

அவன் மட்டும் இல்லை, அந்த அறையில் எல்லாருமே விடியற்காலை நாலு மணிக்கு நின்றபடியே தூங்கினார்கள். ஒருத்தன் அப்படித் தூங்கி, சட்டைக் கை ஓடுகிற கொக்கியில் மாட்டி, கரண்டுத் தண்ணீர்த் தொட்டிவரை இழுபட்டுப் போய்விட்டான். மெஷினை நிறுத்துகிற பட்டனை நான் அமுக்கியிருக்காவிட்டால் கோழியோடு கோழியாகப் போயிருப்பான். மறுநாள் சூப்பர்வைசருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. ஆட்கள் தூங்காமல் இருக்க வேண்டும் என்றால் வெளிச்சம் வேண்டும். மாட்டுகிற அறையில், நீல பல்பு எரிகிற அறையில், விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு வெள்ளை விளக்கைக் கொண்டுவந்து மாட்டினார். ஆட்களைப் பற்றி யோசித்த மனுஷன் கோழியை மறந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அதைப் போட்டார்கள். போட்ட அந்த நொடியில் ஐநூறு கோழி ஒரே நேரத்தில் கத்தியது. கூடைகள் கவிழ்ந்தன. றெக்கையும் பீயும் ரத்தமும் கூரைவரை பறந்தன. மாட்டினதெல்லாம் அடித்துக்கொண்டு கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது, காலை மட்டும் விட்டுவிட்டு. ஒருத்தனுக்குக் கண்ணுக்குக் கீழே நகம் கிழித்தது. "லைட்ட அணைங்க!" என்று எல்லாரும் கத்த, சூப்பர்வைசர் ஸ்விட்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரத்துல பழகிடும்! வேலையப் பாருங்கடா!" என்று பதிலுக்குக் கத்தினார்.

கொக்கி கூடை இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் அடியில் விளக்கு உடைந்தது. கண்ணாடி எல்லார் தலையிலும் கொட்டியது. இருட்டானதும் கோழிகள் ஒவ்வொன்றாக அடங்கின, கொக்கி அடங்கவில்லை. சூப்பர்வைசரைச் சுவரோடு சேர்த்துவைத்து முகத்தில் குத்தினான். நான் சத்தம் கேட்டு ஓடினேன். கையில் கத்தி இருந்தது. யாரைக் காப்பாற்ற ஓடினேன் என்று பிற்பாடு கேட்டார்கள், சூப்பர்வைசரை என்றேன். பொய். இப்போது குத்தினால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்ற நினைப்போடுதான் ஓடினேன். அவன் முதுகு எனக்கு எதிரே இருந்தது. கீழே கிடந்த கோழி ஒன்றை மிதித்து வழுக்கி விழுந்தேன். என் கத்தி என் கட்டை விரலையே பதம் பார்த்தது. அவனும் பிழைத்தான், நானும் பிழைத்தேன்.

முதலுதவி அறையில் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார் கம்பெனி நர்ஸ். ஐம்பது வயசு, கட்டைக்குரல், யாருக்கும் பயப்படாத அம்மா. சூப்பர்வைசரின் உதட்டுக்கு மூன்று தையல், கொக்கியின் புருவத்துக்கு நாலு, என் விரலுக்கு ஐந்து. சூப்பர்வைசரை முதலில் முடித்து அனுப்பிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கோழி அடங்கிக் கெடக்கணும்னா என்ன செய்வீங்க?"

"வெளிச்சத்தக் கொறைப்போம்" என்றான் கொக்கி.

"தூங்கப் போற மனுஷனுக்கு என்ன செய்வீங்க?"

பஞ்சை எடுத்து என் விரலைத் துடைத்தபடி அவரே பதில் சொன்னார்.

"நான் சொல்றேன். காலைல வெளிய வந்து, மூஞ்சிய சூரியனுக்குக் காட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காருவீங்க. தெனம் இந்த ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! கோழிக்குத் தெரிஞ்ச வைத்தியம் உங்களுக்குத் தெரியல. அந்த வெளிச்சம் கண்ணுல பட்டதும் உடம்பு விடிஞ்சிடுச்சுன்னு எழுந்துக்குது. அப்புறம் அதைப் படு படுன்னா எப்படிப் படுக்கும்?"

தலைகீழாக மாற்று என்றார். ஷிப்டின் முதல் பாதியில், ஓய்வறையில் நல்ல வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார வேண்டும். மூன்று மணிக்கு மேல் பளிச்சென்ற விளக்குப் பக்கமே போகக் கூடாது, டீயும் கூடாது. வெளியே வரும்போது பக்கவாட்டிலும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி. நேரே வீடு. படுக்கிற அறை கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. தினமும் அதே நேரத்துக்குப் படுக்கை. "கண்ணாடியப் போட்டுக்கிட்டு தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டினே, நானே வந்து உதைப்பேன். நடந்து போ, இல்ல பஸ்ல போ. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது, ஒரு மாசம் பாரு. அதுக்கும் தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லைட்ட மாத்தி வச்சா முறிஞ்ச கை ஒட்டிக்குமா?" என்றேன்.

நர்ஸ் தையல் நூலைக் கடைசித் தடவை வலிக்கிற மாதிரியே இழுத்தார். "ஒட்டாது. அவன் செஞ்சது அவன் செஞ்சதுதான், அதுக்கு வெளிச்சத்து மேல பழியப் போட்டு நான் அவன விடல. இன்னொரு கை முறியக் கூடாது, அதுக்குத்தான் சொல்றேன். உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நீயும் அந்தச் சுவத்துலதானே உக்கார்றே?"

"எனக்கொண்ணும் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டேன்.

கொக்கியை வேலையைவிட்டு அனுப்பத்தான் மேனேஜர் நினைத்தார். நர்ஸ் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது கொக்கிக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், கோழிக்கு நீல பல்பு, ஓய்வறையில் எட்டு வெள்ளை ட்யூப் லைட் என்று முடிவாகியிருந்தது. ஓய்வறை சினிமா எடுக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது. பதினொன்றரைக்கு ஒவ்வொரு குழுவாகப் போய் அந்த விளக்குகளுக்கு எதிரே உட்கார வேண்டும். போனவர்களைப் போகாதவர்கள் கிண்டல் பண்ணினார்கள். போகாதவர்களுக்கு நான் தலைவன்.

சஸ்பென்ஷன் முடிந்து வந்த கொக்கி ஒரு ராத்திரி விடாமல் போனான். ஆறு மணிக்கு வெளியே வரும்போது அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடி. சுவரில் உட்கார்ந்து வெயில் குடித்துக்கொண்டிருந்த நாங்கள் விடுவோமா? "ஹீரோ சார், ஷூட்டிங் எங்க?" என்றான் ஒருத்தன். "பெத்த பிள்ள கைய ஒடச்சவன் எந்தக் கண்ண வச்சுக்கிட்டு வெளிய வருவான்? அதான் மூடிக்கிட்டுப் போறான்" என்றேன் நான், அவன் காதில் விழட்டும் என்றே. அவன் நின்றான். கை மடங்கியது. அப்புறம் விரித்துக்கொண்டு போனான். அவன் ஜன்னலுக்கு அட்டை வைத்து ஆணி அடித்து, இடுக்கெல்லாம் கறுப்புத் துணியைத் திணித்து, கதவுக்கு அடியில் கோணியைச் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து, "என்னப்பா, உள்ள ஏதாச்சும் கள்ள நோட்டு அடிக்கிறியா?" என்று வீட்டுக்காரரே வந்து சோதனை போட்டாராம்.

முதல் வாரம் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருட்டில் முழித்துக்கொண்டு கிடந்தேன் என்று நர்ஸிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். இன்னும் பத்து நாள் பார் என்று விரட்டினார். அவன் மாறியது எனக்கு வேறு யாரும் சொல்லித் தெரியவில்லை, கோழி வழியாகத் தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி முறிந்த றெக்கை குறைவாக வந்தது. அதற்கடுத்த வாரம் வரிசையாக அசையாமல் தொங்கிக்கொண்டு வந்தன. அவன் உள்ளங்கை பட்டு வந்த கோழியை எனக்குத் தெரியாதா? ஆறு மணி நேரம், ஆறரை மணி நேரம் தூங்குகிறானாம். தங்கச்சி காதுக்கும் அது போனது. அவள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். பூட்டுக்கு இன்னொரு சாவி தங்கச்சியின் பையில் இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன். தூங்குகிறவனை எழுப்பி அவனிடம் அடி வாங்க வேண்டும். வாங்கின காயத்தைக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் காட்ட வேண்டும். அதுதான் என் திட்டம். அந்த இருட்டில் தட்டுத்தடுமாறி ஜன்னலைக் கண்டுபிடித்து அட்டையைப் பிய்த்தேன். வெயில் நேரே அவன் முகத்தில் போய் விழுந்தது.

பாய்ந்துதான் எழுந்தான். முஷ்டி என் மூக்குக்கு நாலு விரல் முன்னால் வந்து நின்றது. நான் நகரவில்லை. "அடிடா" என்றேன். "அடி, பாக்கலாம்!"

அவன் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டான். "வெளிய போ மச்சான். உன் கால்ல விழறேன், மொதல்ல வெளிய போ" என்றான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவனே என்னைச் சுற்றிக்கொண்டு போய், அட்டையை எடுத்து, ஜன்னலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான், முதுகை எனக்குக் காட்டியபடி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "உன் புருஷன் என்னை அடிக்கக் கை ஓங்கினான்" என்று தங்கச்சியிடம் சொன்னேன். அது பொய் இல்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் முகம் பழையபடி இறுகியது. வாலு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு எட்டு நாள் கழித்து, தங்கச்சிக்கு வார லீவு. கட்டுப் பிரிக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நான் அன்றைக்கும் சுவரில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, கூடத்தில் பாயைப் போட்டுப் புரண்டு புரண்டு, பன்னிரண்டுக்கோ ஒன்றுக்கோ கண் அசந்தேன். வாலுவுக்குத் தாகம். யாரையும் எழுப்ப வேண்டாம் என்று ஒற்றைக் கையால் குடத்தைச் சாய்த்திருக்கிறாள். குடம் உருண்டு தரையில் விழுந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் நின்றுகொண்டிருந்தேன். என் காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் ஆணியில் மாட்டியிருந்த பெல்ட் இருந்தது. கை தலைக்கு மேலே இருந்தது. எப்போது எழுந்தேன், எப்போது பெல்ட்டை எடுத்தேன், எதுவும் தெரியாது. பெல்ட் ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிவிட்டிருந்தது என்பதையே அவள் கெண்டைக்காலில் சிவந்து தடித்து எழும்பிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாலு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஓடவில்லை, அழவில்லை. கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை எனக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கைல அடிங்க மாமா. அது இன்னும் ஒட்டல."

தங்கச்சி கொல்லைப்பக்கத்துக் கதவில் ஈரத்துணியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நான் அவளைப் பார்த்து, "எனக்குத் தெரியலம்மா... நான் தூக்கத்துல..." என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பார்த்தாள். பாவாடையை இழுத்து அந்தக் கோட்டை மூடினாள். வாலு அவள் காதோரம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

"அம்மா, நாம அப்பாகிட்டயே போலாம். அவரு இப்ப தூங்கறாராம்ல."